மணி அடிக்காத வீடு

நம்மில் பாதிப் பேருக்கு இப்போது காது மந்தம். சமூக மன்றத்தில் சாப்பிடக் கூடும்போது ஒருவர் ஒன்று கேட்க, இன்னொருவர் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார். எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த வடையை எடுக்கிறோம். ஆனால் தேக்கா வட்டாரத்தில் வளர்ந்த ஒருவரைப் பிடித்து, சின்ன வயதில் காலையில் எந்தச் சத்தத்தில் கண் விழித்தாய் என்று கேட்டால் போதும், உடனே சொல்லிவிடுவார். போன வாரம் நீங்கள் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து யாரோ என் தட்டில் கேசரியை வைத்துவிட்டுப் போனீர்கள். காது நன்றாகத்தான் கேட்டது. எங்கள் வீட்டில் இருந்த அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன். கேசரிக்கு நடுவில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. அம்மா ஆஸ்பத்திரியில் தாதி. அந்தக் காலத்தில் தாதியை மிஸ்ஸி என்பார்கள் அல்லவா, அதனால் சந்து முழுக்க அம்மாவுக்கு மிஸ்ஸியம்மா என்றுதான் பெயர். நான் பிறந்து பல வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். அம்மாவுக்கு ஷிஃப்டு வேலை. பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு வீட்டில் பெரிதாகிக்கொண்டே போனது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றபோது பங்குச் சாமியார்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஒரு பொண்ணு இருக்கா மிஸ்ஸி. நல்ல பொண்ணு. கொஞ்சம் புத்தி வளர்ச்சி கம்மி. தாய் தகப்பன் இல்ல. அண்ணன் கப்பல் பட்டறையில வேலை பாக்குறான், அவன் சம்சாரத்துக்கு இவளை வெச்சுக்க இஷ்டமில்ல. நீங்க ஒரு இடம் கொடுத்தா புண்ணியமாப் போகும்."

அடுத்த வாரம் அந்த அண்ணன் அவளைக் கொண்டுவந்து விட்டார். அவர் மாடிப்படியில் பாதி ஏறி அங்கேயே நின்றுகொண்டார். அக்கா மட்டும் மேலே வந்தாள். குட்டையான உருவம், பூப்போட்ட கைலி, மேலே சட்டை. வயது இருபத்தைந்து இருக்கும் என்றார்கள், எனக்கு என்னவோ என்னைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளை மாதிரிதான் தெரிந்தாள். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். நாக்கு தடித்துப் பேசுவதால் முதல் சில நாள் அவள் சொல்வது புரியவில்லை. பிறகு வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. தொட்டிலில் கிடந்த தம்பியைக் காட்டி, "இவன் என் தம்பியா?" என்று கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே, "ஆமா புள்ள, உன் தம்பிதான்," என்றாள். அன்றோடு அவன் பேரே தம்பி ஆகிவிட்டது.

சம்பளம் என்று எதுவும் பேசவில்லை. சாப்பாடு, கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் புதுத் துணி, தலைக்கு எண்ணெய். "நாங்க வேலைக்காரியா நடத்தல, வீட்டுப் பிள்ளையாத்தான் வெச்சிருக்கோம்," என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள், அது பொய்யும் இல்லை. அவளை யாராவது 'அரை லூசு' என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் வீட்டுப் பிள்ளையான நான் கட்டிலில் படுத்தேன், வீட்டுப் பிள்ளையான அவள் அடுப்படியில் பாய் விரித்துப் படுத்தாள். இதில் ஏதோ இடிக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நம் வீடுகளில் வேலைக்கு வரும் பெண்களுக்கு வார விடுமுறை கொடுப்பதா வேண்டாமா என்று நாம் வாதாடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாய் ஞாபகம் வரும்.

முதல் இரண்டு மாதம் அம்மா படாத பாடு பட்டாள். உலை எப்போது வைப்பது, தம்பிக்குப் பால் எப்போது கலக்குவது, துணி எப்போது எடுப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவாள். அக்கா அப்படியே செய்வாள். மறுநாள் கேட்டால் நேற்று என்ற ஒன்றே நடக்காத மாதிரி நிற்பாள். கடிகாரம் பார்க்கச் சொல்லிக் கொடுக்க முயன்று அப்பா தோற்றுப்போனார். சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் காட்டி, "பன்னெண்டு எங்க இருக்கு, சொல்லு தங்கச்சி," என்பார். அவள் மரியாதையாக அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒருநாள் எல்லாம் சரியாகிவிட்டது. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. பால்காரர் கேனில் அளவுக் குவளையைத் தட்டும் சத்தம் கேட்டதும் அக்கா சட்டியோடு கீழே இறங்கிவிடுவாள். மில்லில் மோட்டார் ஓடத் தொடங்கினால் எங்கள் பலகைத் தரை காலடியில் அதிரும், மிளகாய் நெடியில் வீடே தும்மும். அப்போது துடைப்பத்தை எடுப்பாள். ரொட்டி பாய் சைக்கிள் ஹாரனை அமுக்கினால் தம்பிக்குப் பால் கலக்கும் நேரம். நடுப்பகலில் மாதா கோயில் மணி அடிக்கும், அவள் நெற்றியில் சிலுவை போட்டு, தெரிந்த அளவுக்கு ஜெபத்தை முணுமுணுத்துவிட்டு உலையை வைப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சோறு சூடாக இருக்கும். மோட்டார் நின்றால், ஜன்னலுக்கு வெளியே துணி காயும் மூங்கில் கழியை உள்ளே இழுத்துத் துணி எடுப்பாள். சாயங்காலம் மீ நூடுல்ஸ் விற்கும் சீனரின் பையன் மூங்கில் துண்டுகளை 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டு வந்தால் தம்பியைக் குளிப்பாட்ட வெந்நீர்.

இதையெல்லாம் இப்போது நான் கோத்துச் சொல்கிறேன். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா தலையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்ப்பாள், பிறகு எழுந்து ஒரு வேலையைச் செய்வாள் என்பதுதான். அது அவளுடைய பழக்கம் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா, "ரெண்டு மாசம் விடாமப் பழக்குனேன், இப்ப பாருங்க, ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல," என்று பெருமையடித்துக்கொள்வாள். சாமியார்கூட, "மிஸ்ஸி பழக்குனா கல்லும் கரையும்," என்று பாராட்டினார். அம்மாவின் முகத்தில் அன்று இருந்த பூரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அக்காவுக்கு வேலை மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஜாலான் புசார் திடலில் பந்தாட்டம் நடக்கும் நாளில் கோல் விழுந்தால் அந்த இரைச்சல் எங்கள் ஜன்னல் வரைக்கும் வரும். அவள் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் கைதட்டுவாள். யார் ஜெயித்தார்கள் என்று நான் கேட்டால், "எல்லாரும்," என்பாள். அம்மாவின் வெள்ளைத் தொப்பிக்குக் கஞ்சி போடுவதும் அவள் வேலைதான். வடித்த கஞ்சியில் முக்கி, கவிழ்த்த மங்குக் கிண்ணத்தின் மேல் போட்டுக் காய வைப்பாள். காய்ந்ததும் விரலால் சுண்டிப் பார்ப்பாள். 'டப்' என்று கேட்டால்தான் அம்மாவிடம் கொடுப்பாள். அந்த மாதிரித் தொப்பி இப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நம்மவர்களில் மற்ற மதத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு, ஈஸ்டர் பூசை வரை கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். ஆண்டவர் பாடுபட்ட நேரத்துக்குத் துக்கம். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள், அது கோயிலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். அந்த வெள்ளிக்கிழமை மில்லும் மூடியிருந்தது, பொதுவிடுமுறை. நாங்கள் தம்பியையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். சிலுவைப் பாதைக் கூட்டத்துக்குள் அக்கா பயந்துவிடுவாள் என்று அவளை வீட்டில் விட்டிருந்தார்கள். "எங்களுக்காகக் காத்திருக்காத புள்ள, மத்தியானம் கஞ்சி வெச்சுக் குடி," என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நாங்கள் திரும்பும்போது வெயில் இறங்கிவிட்டது. அக்கா அணைந்த அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அரிசி களைந்து வைத்தபடி இருந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

அம்மா கண் கலங்கிவிட்டாள். "பாத்தீங்களா, நாம ஒருவேளை சாப்பிட்டு ஒருசந்தி இருக்குறோம்னு பெருமையா பேசுறோம். இந்தப் புள்ள ஒரு வாய் தண்ணி குடிக்காம ஆண்டவருக்காக உக்காந்திருக்கு."

அந்தச் செய்தி கோயில் முழுக்கப் பரவியது. ஈஸ்டர் அன்று பெண்கள் அக்காவின் கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சாமியார் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் குறிப்பிட்டார், படித்த நமக்கு இல்லாத பக்தி என்று. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பசித்திருக்கும். மணி அடிக்கும் அடிக்கும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறாள். நாங்கள் அவளைப் புனிதை ஆக்கிவிட்டோம், அதற்காக வெட்கப்பட வேண்டும் என்றுகூடத் தெரியாமல்.

பிறகு ஒரு வருடம், கலவரம் என்று ஊரடங்கு போட்டார்களே, அப்போதும் இதேதான். பால்காரர் வரவில்லை, ரொட்டி பாய் வரவில்லை, மில் பூட்டு, கோயில் மணிகூட அடிக்கவில்லை, தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அம்மா ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டியதாகிவிட்டது. அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பாவம், பயந்துபோச்சு," என்று அப்பா தானே சோறு ஆக்கினார், குழைந்துவிட்டது. ஊரடங்கு தளர்ந்து மில் மோட்டார் ஓடியதும் அக்கா துடைப்பத்தை எடுத்தாள். பயம் தெளிந்துவிட்டது என்றோம்.

தம்பி நன்றாக ஓட ஆரம்பித்த சமயத்தில்தான் எங்களுக்குத் தோ பாயோவில் அரசாங்க ஃப்ளாட் கிடைத்தது. உங்களில் பல பேருக்கும் அதே காலத்தில்தான் கிடைத்தது, அந்தச் சந்தோஷத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. வாளிக் கக்கூசுக்குத் தலைமுழுகிவிட்டு, சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டுகிற வீட்டுக்குப் போகிறோம். ஏழாவது மாடி. அம்மா அம்மி, ஆட்டுக்கல், மாதா சுரூபம், மூங்கில் கழி, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினாள். பழைய வீட்டில் ஆணியைக்கூட விடவில்லை. அக்கா மடியில் தம்பியை வைத்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் ராணி மாதிரி வந்தாள்.

முதல் வாரமே வீடு நிலை தடுமாறியது. நான் பள்ளியிலிருந்து வந்தால் அடுப்பு பற்ற வைக்கப்படாமல் கிடக்கும். தம்பி பசியில் அழுது மூக்கு சிவந்திருப்பான். அக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருப்பாள். மழை பெய்தால் துணி நனைந்துகொண்டிருக்கும். அம்மா காலை வேலைக்குப் போகும்போது, "பன்னெண்டு மணிக்கு உலை வெச்சுரு புள்ள," என்பாள், அக்கா, "சரி மிஸ்ஸியம்மா," என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. ஏழாவது மாடிக்குப் பன்னிரண்டு மணி வரவே இல்லை.

அங்கே கேட்டதெல்லாம் ஒரே சத்தம். புது அடுக்குமாடிகளுக்கு அஸ்திவாரம் போட, செம்மண்ணில் தூணை அடித்து இறக்குவார்கள். 'டங்... டங்...' என்று நாள் பூராவும் அடிக்கும். ஒருநாள் அம்மா வேலை முடிந்து வந்து பார்த்தால், வீட்டில் இருந்த சட்டி பானை அத்தனையிலும் சோறு. அடுப்பில் இன்னொரு உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. அக்கா வேர்த்து விறுவிறுத்துப்போய் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே அரிசி களைகிறாள்.

அப்பா சிரித்துவிட்டார். "விடு லா, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்துருவோம்."

அம்மா சிரிக்கவில்லை. அவள் பார்த்தது சோற்றை இல்லை, தம்பி எட்டிவிடும் உயரத்தில் இருந்த அடுப்பை. "நான் வார்டுல இருக்கும்போது இவ வீட்டுக்குத் தீ வெச்சா யாருங்க பாக்குறது? நாளுக்கு நாள் மோசமாயிட்டு வருது. இங்க வந்ததுல இருந்து இவளுக்குப் புத்தி கலங்கிருச்சு." பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "இதான் கடைசி புள்ள. இனிமே இப்படி ஏதாச்சும் செஞ்சே, சிஸ்டருங்க இல்லத்துல கொண்டுபோய் விட்டுருவேன்."

அந்த இல்லம் ஊருக்கு வெளியே இருந்தது. ஆதரவில்லாத பெண்களைக் கன்னியாஸ்திரிகள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். கிறிஸ்துமசுக்குப் பழைய துணி கொடுக்க அம்மாவோடு அக்காவும் ஒரு தடவை போய்விட்டு வந்திருந்தாள், அதனால் அவளுக்கு அது என்னவென்று தெரியும்.

"நான் போகல மிஸ்ஸியம்மா," என்றாள். "மணி அடிக்கல. நான் என்ன செய்றது? மணி அடிக்கவே இல்ல."

"என்ன மணி? எந்த மணி?" என்றாள் அம்மா. அப்பாவைப் பார்த்து, "கேட்டீங்களா? காதுல என்னென்னமோ கேக்குதாம்," என்றாள். அம்மா ஒருகாலத்தில் மனநோய் வார்டிலும் வேலை பார்த்தவள். அங்கே பார்த்ததை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்த்தாள். அக்கா சொன்னது கேட்கவில்லை என்று. அம்மா எடுத்துக்கொண்டது கேட்கிறது என்று.

அந்த மாதத்தில் அக்கா இளைத்துப்போனாள். காலையில் எழுந்து துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே நிற்பாள். "கூட்டேன்," என்று நான் சொன்னால் உடனே கூட்டுவாள். வாயால் சொன்னால் எதையும் செய்வாள். சொல்லத்தான் பகலில் அங்கே ஆள் இல்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. நான் பள்ளிவிட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. வீட்டில் அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. நான் ஏழு மாடியும் இறங்கி ஓடினேன். எல்லா புளோக்கும் ஒரே மாதிரி, சிவப்பு மண், மரம்கூடக் கிடையாது. ஒரு சீனக் கடைக்காரர் என் அழுகையைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். அம்மா யூனிஃபார்மோடு டாக்சியில் வந்து இறங்கினாள். வார்டிலிருந்து எப்படி ஓடி வந்தாளோ தெரியாது, தொப்பி தலையில் இல்லை. அம்மா பேயறைந்தவள் மாதிரி நின்றதை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் பார்த்தேன்.

மூன்று மணி வாக்கில் இன்னொரு டாக்சி வந்தது. பழைய வீட்டுக்குக் கீழே இருந்த மில்லுக்கார மாமா இறங்கினார். பின்னால் அக்கா, அவள் தோளில் தம்பி, அவன் கையில் கடித்த பன்.

அவர் சொன்னது இதுதான். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலஸ்டியர் ரோட்டைக் கடந்து சிராங்கூன் ரோடு வரை நடந்தே வந்திருக்கிறாள். எப்படி வழி கண்டுபிடித்தாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். எங்கள் பழைய மாடிப்படியில் ஏறி, இப்போது அங்கே குடியிருக்கும் சீனக் குடும்பத்தின் அடுப்படிக்குள் போயிருக்கிறாள். அந்த வீட்டு அம்மா கத்திய கத்தலில் மில்லுக்கார மாமா மேலே ஓடியிருக்கிறார்.

"அவங்க அரிசி டின்ன திறந்து அரிசி களைஞ்சுகிட்டு நிக்கிது மிஸ்ஸி," என்றார். "என்னம்மா பண்றேன்னு கேட்டா, மணி அடிச்சிருச்சு, உலை வைக்கணும்ங்குது. நல்ல வேளை, எனக்குத் தெரிஞ்ச பொண்ணா போச்சு."

தம்பிக்கு ஒரு கீறல் இல்லை. ரொட்டி பாய் அவனுக்குப் பன் கொடுத்திருக்கிறார். அக்காவின் கால்தான் சுடு ரோட்டில் நடந்து கொப்பளித்திருந்தது. அவள் முகத்தில் நான் அந்த மாதம் முழுக்கப் பார்க்காத ஒரு தெளிவு. "அங்க மணி அடிக்குது மிஸ்ஸியம்மா," என்றாள், நல்ல செய்தி கொண்டுவந்தவள் மாதிரி. "எல்லாம் அங்கதான் இருக்கு."

அம்மா தம்பியை வாங்கி இறுக்கிக்கொண்டாள். கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் கலந்து, அக்காவின் காலைத் தன் மடியில் வைத்துக் கழுவி மருந்து போட்டுக் கட்டினாள். கட்டிக்கொண்டே அழுதாள். அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் இரண்டு பிள்ளை பெற்றவள், காணாமல் போன பிள்ளைக்காக நின்ற தாயிடம் நியாயம் பேச எனக்கு வாய் வராது. புரிந்துகொள்ளாமல் போனாளே என்பதுதான் என் வருத்தம். இவ்வளவு பக்கத்தில் வந்து.

சனிக்கிழமை அம்மா அக்காவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னினாள். ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டுவிட்டாள். "சிஸ்டருங்களைப் பாத்துட்டு வரலாம் வா," என்றாள். அம்மா கட்டி வைத்திருந்த துணிப்பையை அக்கா பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வாசலில் தம்பியின் வாயைத் துடைத்துவிட்டு, பையைத் தூக்கிய அப்பாவின் பின்னால் போனாள். லிஃப்டுக்குப் பயப்படுகிறவள் அன்று தானாகவே அதற்குள் ஏறினாள்.

பிறகு வீட்டுக்கு வேறு ஓர் அம்மாள் சம்பளத்துக்கு வந்தாள், கடிகாரம் பார்க்கத் தெரிந்தவள். எல்லாம் நேரத்துக்கு நடந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அம்மா ஒரு கேக்கும் புதுச் சட்டைத் துணியும் எடுத்துக்கொண்டு என்னையும் தம்பியையும் அழைத்துப் போனாள். இல்லத்தில் ஒரு நீளமான வராண்டா, சிமெண்டுத் தரை, கார்பாலிக் சோப்பு வாசனை. பெரிய சிஸ்டர் எங்களை உட்கார வைத்தார்.

"இவ்வளவு நல்லா வேலை செய்ற பிள்ளையை ஏன் மிஸ்ஸி விட்டீங்க?" என்று கேட்டார். "வந்த புதுசுல எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா, சாப்பிடல. அப்புறம் பழகிட்டா. இங்க எல்லாத்துக்கும் மணிதான். எழுந்திரிக்க, ஜெபம் சொல்ல, சாப்பிட, துணி துவைக்க. மணி அடிச்சா போதும், இவளுக்கு ஒண்ணுமே சொல்ல வேண்டியதில்ல. முதல் ஆளா நிப்பா."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா கேக் டப்பாவின் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவது நின்றுவிட்டது. அம்மா எதை எதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் நினைத்தாளோ, பெரிய வெள்ளியை, ஊரடங்கை, பானை பானையாகச் சோற்றை, எனக்குத் தெரியாது. அவள் வேலை பார்த்த வார்டிலும் பார்வையாளர் நேரம் முடிந்தால் மணிதான் அடிப்பார்கள்.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மணியை வாங்கி, பக்கத்து வீட்டுக்காரியை அடிக்கச் சொல்லியிருந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டுக்கொண்டாள். மறு வருடம் இரண்டு தடவை இல்லத்துக்குப் போய், அக்காவைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். பெரிய சிஸ்டர் சம்மதிக்கவில்லை. "ஒரு தடவை விட்டீங்க. இன்னொரு தடவை விட்டா அவ தாங்க மாட்டா," என்றார். அக்கா அங்கேயே இருந்து, அங்கேயே வயதாகி, நான் கல்யாணமாகி இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அங்கேயே இறந்துபோனாள். ஆனால் அந்தக் கிறிஸ்துமசுக்கு முன்பு நாங்கள் போன நாளில் இதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. அம்மா ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் அக்கா அன்றே எங்களோடு வந்திருப்பாளோ என்றுதான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிஸ்டர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் வாயைப் பொத்திச் சிரித்தாள், அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் கனமாகிவிட்டிருந்தான், இருந்தாலும் இறக்கவில்லை. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள," என்றாள். "நம்ம வீட்டுக்கு வந்துர்றியா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. உடனே தலையாட்டப் போனவள், நிறுத்திக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒன்றை நன்றாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாள்.

"அங்க மணி வந்துருச்சா மிஸ்ஸியம்மா?"

அம்மா பொய் சொல்லியிருக்கலாம். வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் ஒன்றை வாங்கியிருக்கலாம். சிஸ்டருங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்ன பொய்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அதனால் இந்தத் தடவை அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்ல புள்ள," என்றாள். "இன்னும் வரல."

அக்காவுக்கு அம்மாவின் மேல் வருத்தம் இருந்ததாகவே தெரியவில்லை. அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள், தம்பியைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி.

"அப்ப எப்படி வர்றது?" என்றாள்.

வராண்டாவின் கடைசியில் யாரோ கயிற்றை இழுத்தார்கள். அக்கா தம்பியைக் கீழே இறக்கி, அவன் கையை என் கையில் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் முந்தி நடந்துபோனாள். தம்பி அக்கா, அக்கா என்று கத்தினான். அவள் திரும்பாமலே, "மணி அடிச்சிருச்சு தம்பி," என்றாள்.